இசையில் முதுகலை: வாசிப்பா, இசையியலா?

கேள்வி: வயலினில் இளங்கலை முடித்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இப்போது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். மேற்கத்திய இசையில் முதுகலை படிக்க ஆசை. வாசிப்பை எடுப்பதா, இசையியலை எடுப்பதா? விண்ணப்பிக்கும் முன் என்ன செய்ய வேண்டும்?

பதில்: வாசிப்பு என்றால் உங்கள் நாள் பயிற்சி அறையிலும் ஆர்க்கெஸ்ட்ரா ஒத்திகையிலும் போகும், முடிவில் பெரும்பாலும் ஒரு மணி நேர ரிசைட்டல், அதாவது தனிக் கச்சேரி, இருக்கும். இசையியல் என்றால் நூலகம், பழைய பிரதிகள், கட்டுரைகள். வயலின் மாலை நேரத் துணையாகிவிடும். இந்த இரண்டில் எந்த அலுப்பை உங்களால் தாங்க முடியும் என்று யோசியுங்கள். ஆசையை வைத்து முடிவு செய்தால் இரண்டுமே பிடித்த மாதிரிதான் தோன்றும்.

வாசிப்புதான் என்றால், பல்கலைக்கழகத்தின் பெயரைவிட ஆசிரியர் முக்கியம். வாரம் ஒரு மணி நேரம் தனியாக உங்கள் கையைப் பார்த்துத் திருத்தப்போகிறவர் அவர். விண்ணப்பிக்கும் முன் அவருக்குச் சுருக்கமாக ஒரு மின்னஞ்சல் எழுதி, ஒரு சோதனைப் பாடம் கிடைக்குமா என்று கேளுங்கள். இப்படிக் கேட்பது வழக்கம்தான், கூச்சப்பட வேண்டாம். பாடத்தில் அவர் உங்களைப் பாராட்டினாரா என்பதைக் கணக்கில் எடுக்காதீர்கள். அவர் சொன்ன ஒரு திருத்தம் மறுநாள் வீட்டில் வாசிக்கும்போதும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். அப்புறம், அடுத்த ஆண்டு அவர் நீண்ட விடுப்பில் போகிறாரா என்றும் விசாரித்துவிடுங்கள். யாரும் தானாக வந்து சொல்ல மாட்டார்கள்.

பல இடங்களில் நேரடி ஆடிஷனுக்கு (நேரில் வாசித்துக் காட்டும் தேர்வுக்கு) முன் ஒரு ரெக்கார்டிங் கேட்பார்கள். வயலினுக்கு ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் (Bach) தனி வயலின் படைப்புகளிலிருந்து ஒரு பகுதி, ஒரு கான்செர்ட்டோவின் (ஆர்க்கெஸ்ட்ராவோடு தனி வாத்தியம் வாசிக்கும் படைப்பு) முதல் பகுதி, வேறொரு காலத்துப் படைப்பு என்பது போல இருக்கும். ஒரு பகுதியை நடுவில் வெட்டி ஒட்டாமல் ஒரே மூச்சில் வாசித்திருக்க வேண்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் பதிவு செய்யாதீர்கள். மூன்றாவது மணி நேரத்தில் கை தளர்வது ஒலியில் அப்படியே தெரியும். பியானோ வாசிப்பவரோடு இரண்டு மூன்று முறையாவது ஒத்திகை பார்த்த பிறகே மைக்கை வையுங்கள். இசையியலுக்கு ரெக்கார்டிங்குக்குப் பதில் எழுத்து மாதிரி. இளங்கலையில் எழுதிய நல்ல கட்டுரை ஒன்றைத் திருத்தி அனுப்பலாம். முனைவர் பட்டம் வரை போகும் எண்ணம் இருந்தால் ஜெர்மனோ பிரெஞ்சோ வாசிக்கப் பழகத் தொடங்குங்கள்.

உங்கள் விஷயத்தில் எனக்குக் கவலை தருவது வேறொன்று. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் சேர்ந்தவுடன் இசைக் கோட்பாட்டிலும் வரலாற்றிலும் ஒரு தேர்வு வைப்பார்கள். அதில் சறுக்கினால் கூடுதல் பாடங்கள் எடுக்க வேண்டும். பெரும்பாலும் அவை பட்டத்துக்குத் தேவையான பாடங்களின் கணக்கில் சேராது, கட்டணம் மட்டும் சேரும். மூன்று ஆண்டு இடைவெளியில் நாற்குரல் ஹார்மனியும் (நான்கு குரல்களை ஒன்றோடொன்று இசையும்படி எழுதுவது), இசையைக் கேட்டுக் குறியீட்டில் எழுதும் பயிற்சியும்தான் முதலில் துருப்பிடிக்கும். தினம் இருபது நிமிடம் அதற்கு ஒதுக்குங்கள்.

பண விஷயம். பிரிட்டனில் பல்கலைக்கழக முதுகலை பெரும்பாலும் ஓராண்டு, அமெரிக்காவில் இரண்டு. அமெரிக்காவில் அசிஸ்டன்ட்ஷிப் கிடைத்தால் இளங்கலை மாணவர்களுக்குப் பாடம் எடுப்பது போன்ற வேலைக்குப் பதிலாகக் கட்டணத்தில் சலுகையும் உதவித்தொகையும் வரும். அது முழுக் கட்டணத்துக்குமா, இரண்டாம் ஆண்டுக்கும் உண்டா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குக் கற்பித்த அனுபவம் இங்கே கைகொடுக்கும். விண்ணப்பத்தில் அதை ஒரு வரியோடு முடித்துவிடாதீர்கள்.

அமெரிக்காவில் விண்ணப்பத்துக்கான பல கடைசித் தேதிகள் டிசம்பர் தொடக்கத்தில் வரும், நேரடி ஆடிஷன்கள் ஜனவரி முதல் மார்ச் வரை நடக்கும். அப்படியானால் ரெக்கார்டிங் அக்டோபருக்குள் முடிய வேண்டும். ஆசிரியர்களுக்கு எழுதும் மின்னஞ்சல் அதற்கும் முன்னால் போக வேண்டும்.