எல்லாம் கடன், வால் மட்டும் சொந்தம்

"நிஜ விமானங்களின் பாகங்களைக் கோத்து இரண்டாம் உலகப் போருக்கு ஒரு சண்டை விமானம் செய்யச் சொன்னால், எதிலிருந்து எதை எடுப்பீர்கள்?" என்பது கேள்வி. பிளாஸ்டிக் மாடல்களில் மிஞ்சிய துண்டுகளை ஒட்டி விளையாடியவன் நான், விடுவேனா?

இறக்கை, அமெரிக்கச் சண்டை விமானமான மஸ்டாங்குடையது. அழகில் பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் விமானத்தின் நீள்வட்ட இறக்கையை மிஞ்ச ஆளில்லைதான். ஆனால் அதை எடுத்தால் அந்த நெருக்கமான சக்கரக் கால்களும் கூடவே வரும். மஸ்டாங் கால்களை அகல விரித்து உறுதியாக நிற்கும்.

எஞ்சினில்தான் மாட்டிக்கொண்டேன். ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109 விமானம் போல புரொப்பெல்லரின் மையத்துக்குள்ளிருந்தே பீரங்கி சுட வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. மூக்கு பார்க்கும் இடத்தில் குண்டு போகும். அதன் டைம்லர்-பென்ஸ் எஞ்சினில், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் சூப்பர்சார்ஜரைப் பக்கவாட்டில் வைத்து, பீரங்கிக்கு வழி விட்டிருந்தார்கள். பிரிட்டனின் மெர்லின் எஞ்சினிலோ அது பின்பக்கத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. ஆனால் காற்றை இரண்டு கட்டமாக அழுத்தும் சூப்பர்சார்ஜர் கொண்ட மெர்லினை 1942-ல் மஸ்டாங்கில் பொருத்திப் பார்த்த பிறகுதானே அது உயரத்தில் சண்டை போடக் கற்றது! மனசில்லாமல் மெர்லினையே எடுத்தேன். ஆயுதம், இறக்கையில் நான்கு 20 மி.மீ. ஹிஸ்பானோ பீரங்கிகள். மஸ்டாங்கின் ஒரு வகையில் ஏற்கெனவே இருந்தவைதான்.

அப்புறம் ஜெர்மனியின் இன்னொரு சண்டை விமானமான ஃபோக்கே வுல்ஃப் 190-இன் ஒற்றை நெம்புகோல். அதைத் தள்ளினால் எரிபொருள் கலவை, புரொப்பெல்லர் கோணம் எல்லாம் தானாகச் சரியாகிவிடும். வேறு எஞ்சினுக்காகச் செய்ததை மெர்லினில் மாட்டுவது கள்ளாட்டம்தான், கற்பனைதானே.

இப்படி ஒட்டுப்போட்டதை அமெரிக்காவில் நிஜமாகவே பறக்கவிட்டார்கள். ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிஷர் பிரிவு செய்த பி-75: இறக்கையின் வெளிப்பகுதி பி-40 சண்டை விமானத்திலிருந்து, வால் டக்ளஸ் நிறுவனத்தின் டைவ் பாம்பரிலிருந்து (செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போடும் விமானம்), சக்கரக் கால்கள் கோர்சேர் சண்டை விமானத்திலிருந்து. இரண்டு ஆலிசன் எஞ்சின்களை இணைத்த 24 சிலிண்டர் எஞ்சின் விமானிக்குப் பின்னால். 1943 நவம்பரில் பறந்தது. எதிர்பார்த்த வேகம் வரவில்லை, சுழன்றபடி கீழே விழத் தொடங்கினால் தொல்லை, வாலையே மாற்றி வரைய வேண்டியதாயிற்று. 1944 அக்டோபரில் ஒப்பந்தம் ரத்து.

அதனால் வாலை மட்டும் யாரிடமும் கடன் வாங்கவில்லை. எனக்குக் குமிழ்க் கண்ணாடி மூடி வேண்டும். அதற்காக முதுகைச் செதுக்கியபோது மஸ்டாங்கே பக்கவாட்டில் ஆடி, செங்குத்து வாலுக்கு முன்னால் ஒரு துண்டு சேர்த்துக்கொண்டது. என் விமானத்தின் வாலை முதலிலேயே பெரிதாக வரைந்துவிட்டேன்.