சார்கோமா ரிப்போர்ட்டில் கேஐ-67 30% என்றால் என்ன அர்த்தம்?

"அப்பாவின் தொடைக் கட்டி சார்கோமா என்று வந்திருக்கிறது. கேஐ-67 30% என்று போட்டிருக்கிறார்கள். அப்பா பிழைப்பாரா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பயாப்ஸி ஸ்லைடு பார்ப்பதுதான் என் வேலை. சார்கோமா என்பது தசை, கொழுப்பு, எலும்பு போன்ற திசுக்களில் வரும் புற்றுநோய். தயவுசெய்து அந்த 30-ஐ வைத்து அப்பாவின் ஆயுளைக் கணக்குப் போடாதீர்கள். கேஐ-67 என்பது பெருகும் செல்களில் இருக்கும் ஒரு புரதம், அதைச் சாயம் ஏற்றிப் பார்ப்போம். கட்டியின் செல்களில் நூற்றுக்கு முப்பது பெருகும் நிலையில் இருக்கின்றன, அவ்வளவுதான். சாயம் ஏறிய செல்களை எண்ணுவதிலும் ஆளுக்கு ஆள் வித்தியாசம் வரும்.

அதே ரிப்போர்ட்டில் 'கிரேடு' என்று ஒரு வரி இருக்கும், அதைத் தேடுங்கள். பிரான்ஸின் புற்றுநோய் மையங்கள் 1984-ல் வகுத்த முறை அது. பரவும் வாய்ப்பைச் சொல்வதில் நாங்கள் இன்றும் அதைத்தான் பெரிதும் நம்புகிறோம். செல்கள் இயல்பான திசுவைவிட எவ்வளவு மாறியிருக்கின்றன, எத்தனை பிரிகின்றன, கட்டியில் எவ்வளவு செத்துக் கிடக்கிறது என்று மூன்றுக்கும் தனித்தனியாக மதிப்பெண் போட்டு, அதைக் கூட்டி 1 முதல் 3 வரை கிரேடு சொல்வோம். செல் அதிகம் பிரியும் இடத்தைத் தேடிப் பிடித்து, பெரிய லென்ஸில் அடுத்தடுத்துப் பத்து இடங்களில் எண்ணுவேன். பிரியும் செல்லில் குரோமோசோம்கள் கருநீலப் பட்டையாக நடுவில் திரண்டு நிற்கும், ஓரம் பிசிறு பிசிறாக இருக்கும். செத்துச் சுருங்கிய செல்லும் கருப்பாகத்தான் தெரியும், ஆனால் ஓரம் வழவழப்பாக இருக்கும். இரண்டையும் குழப்பினால் மதிப்பெண்ணே மாறிவிடும்: பத்து இடங்களிலும் சேர்த்துப் பிரியும் செல்கள் 9 வரை இருந்தால் மதிப்பெண் 1, 10 முதல் 19 வரை 2, 20-லிருந்து 3. சந்தேகம் வந்தால் மறுபடி முதலிலிருந்து எண்ணுவேன்.

ஊசி பயாப்ஸி என்றால் ஒன்றைக் கவனியுங்கள். கட்டியின் ஒரு மூலையிலிருந்து எடுத்த சதைதான் அது. கிரேடு 1 என்று வந்தது, முழுக் கட்டியை எடுத்துப் பார்க்கும்போது கூடுவதுண்டு.

ஜீன் பரிசோதனைகள் பெரும்பாலும் எந்த வகை என்று சொல்லத்தான். சார்கோமாவில் 50-க்கு மேல் வகைகள் உண்டு. எம்டிஎம்2 ஜீன் பெருகியிருந்தால் லிப்போசார்கோமாவின், அதாவது கொழுப்புத் திசு சார்கோமாவின், குறிப்பிட்ட வகைகளை நினைப்போம். சிகிச்சையையே மாற்றுகிற மார்க்கருக்கு நல்ல உதாரணம் குடல் பகுதியில் வரும் ஜிஸ்ட் கட்டி. அதில் பிடிஜிஎஃப்ஆர்ஏ ஜீனில் டி842வி மாற்றம் இருந்தால் வழக்கமாகக் கொடுக்கும் இமாடினிப் மாத்திரை கேட்காது. பிரான்ஸின் போர்டோ குழு 2010-ல் வெளியிட்ட 'சின்சார்க்' என்ற பரிசோதனை 67 ஜீன்களை வைத்துப் பரவும் வாய்ப்பைச் சொல்கிறது. நல்ல முயற்சி, ஆனால் இன்னும் அன்றாடப் பரிசோதனையாகவில்லை.

டாக்டரிடம் வகை, கிரேடு, கட்டி எத்தனை சென்டிமீட்டர், எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, நுரையீரல் சிடி சுத்தமா என்று கேளுங்கள். பயாப்ஸி சதையைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கை வாங்கி, சார்கோமா அதிகம் பார்க்கும் மையத்தில் ஒருமுறை காட்டிவிடுங்கள். கிரேடு என்ன என்று தெரிந்ததும் இங்கேயே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.