மாரிக்கு மாரி கரையும் காட்டுப்பாதை: எப்போது, எப்படித் திருத்துவது?

கேள்வி: முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட எங்கள் ஊர். காட்டுக்குள்ளால் குளத்தடிக் கோயிலுக்குப் போகும் நடைபாதை இரண்டு கிலோமீற்றர் வரும். வருசா வருசம் சிரமதானம் வைத்துக் கிறவல் போடுகிறோம். மாரி வந்ததும் எல்லாம் சேறாகிவிடுகிறது. இந்தமுறை ஊர்ப் பொடியன்களுக்கு நாட்சம்பளம் கொடுத்துத் திருத்தலாம் என்று கிராம அபிவிருத்திச் சங்கத்தில் முடிவெடுத்திருக்கிறோம். எந்த மாதம் தொடங்கலாம்? முதலில் எதைச் செய்ய வேண்டும்?

பதில்: கிறவலைக் கொஞ்ச நாளைக்கு மறந்துவிடுங்கள். உங்கள் பாதையைக் கெடுப்பது தேங்கும் தண்ணீர். அதற்கு வெளியேற வழி செய்யாமல் எத்தனை லோட் பறித்தாலும் அடுத்த கார்த்திகையில் சேறுதான்.

மலைநாட்டில் பாதையைப் பள்ளப் பக்கமாகச் சற்றுச் சாய்த்து வெட்டினால் போதும், மழைநீர் குறுக்கே ஓடிவிடும். வன்னி தட்டை நிலம், இங்கே சாய்க்க இடமில்லை. ஆட்கள் நடந்தும் மோட்டார்சைக்கிள் ஓடியும் பாதை பக்கத்துத் தரையைவிடத் தாழ்ந்துபோகிறது. அப்புறம் மழைத்தண்ணீருக்கு அதுதான் வாய்க்கால். சேற்றுக்கு விலகி எல்லாரும் ஓரத்தால் நடக்க, பாதை அகன்று மரவேர்களும் மிதிபடுகின்றன.

ஆகவே தாழ்ந்த இடங்களில் பாதையை உயர்த்த வேண்டும். நடக்க ஒன்றரை மீற்றர் அகலம் தாராளம். முதலில் சருகையும் மேலிருக்கும் கறுத்த மண்ணையும் வழித்துக் காட்டுப் பக்கம் போடுங்கள்; அது உக்கும், ஈரத்தைப் பிடித்து வைக்கும். பிறகு இரண்டு பக்கமும் ஆழமில்லாத கான் வெட்டி, அதில் வரும் செம்மண்ணை நடுவில் போடுங்கள். நாலு விரல் கனத்துக்கு ஒரு படை, லேசாகத் தண்ணீர் தெளித்து மரக்குற்றியால் இடி, அதற்கு மேல் அடுத்த படை. முடிவில் பாதை பக்கத்துத் தரையைவிட ஒரு சாண் உயர்ந்து, ஆமை முதுகு மாதிரி நடு மேடாக இருக்க வேண்டும். கிறவல் போடுவதென்றால் இதற்கு மேல், மெல்லிய படையாக. கானுக்கு வாய் கட்டாயம் வேண்டும்: பள்ளமான இடம் பார்த்துச் சரிவாக ஒரு கிளை வெட்டிக் காட்டுக்குள் விடுங்கள். வாயில்லாத கான் தண்ணீரைத் தேக்கத்தான் உதவும்.

அந்த வாய்களை எங்கே வைப்பது என்பதை வெயிலில் நின்று கண்டுபிடிக்க முடியாது. கார்த்திகை, மார்கழியில் நல்ல மழை பெய்யும்போது இரண்டு பேர் பாதை நீளத்துக்கும் நடந்து, தண்ணீர் நுழையும் இடத்தில் ஒரு நிறத் துணியும் வெளியேறப் பார்க்கும் இடத்தில் இன்னொரு நிறத் துணியும் கட்டட்டும். முழு வேலையிலும் பெறுமதியான நாள் அதுதான் என்பேன்.

வெட்டு வேலைக்கு மாசிக் கடைசியும் பங்குனியும் தோது. ஆவணியில் செம்மண் கல்லாக இறுகியிருக்கும், மார்கழியில் இடித்தாலும் இறுகாது. பங்குனியில் அடியில் ஈரம் இருக்கும், காலபோக அறுவடையும் முடிந்து பொடியன்கள் கைக்கு வருவார்கள். சித்திரையில் பின்னேர இடிமழை பெய்தால் எங்கே தண்ணீர் நிற்கிறது என்று தெரிந்துவிடும். சோளகக் காற்று மண்ணைக் காயவைக்க முன் அதைத் திருத்திவிடலாம்.

சிற்றாறு குறுக்கிடும் இடத்தில் குழாய் புதைக்காதீர்கள். முதல் வெள்ளத்திலேயே கொப்பும் சருகும் அடைத்து, தண்ணீர் சுற்றிப்போய்ப் பாதையை அறுக்கும். படுக்கை மட்டத்துக்குத் தட்டைக் கற்களைப் பதித்து, தண்ணீரை மேலால் ஓட விடுங்கள். காட்டுக்குள் கிடக்கும் செதுக்கிய தூண், பழைய செங்கல் எதையும் இதற்கு எடுக்க வேண்டாம். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் அவற்றைப் பாதுகாக்கிறது. குளக்கட்டிலும் மண்வெட்டி வைக்காதீர்கள், அங்கே வேலை இருந்தால் கமநல சேவை நிலையத்தில் பேசுங்கள்.

இவ்வளவுக்கும் முன்னால் முடிக்க வேண்டியவை இரண்டு. ஒதுக்குக் காடென்றால் வனவளத் திணைக்களத்தின் எழுத்து அனுமதி, வனஜீவராசிகளுக்குரிய நிலமென்றால் அந்தத் திணைக்களத்தின் அனுமதி. வாய்ச்சொல் போதாது, கத்தியோடு நிற்கும் பொடியன்தான் பிடிபடுவான். மற்றது மிதிவெடி. முல்லைத்தீவில் இன்னமும் அகற்றும் வேலை நடக்கிறது. கான் வெட்டும் நிலமும் சேர்த்துத் துப்புரவாக்கப்பட்டதா என்று கிராம அலுவலர் மூலம் பிரதேச செயலகத்தில் உறுதிப்படுத்துங்கள். மிதித்துப் பழகிய பாதை பத்திரம் என்பதால் அதன் ஓரமும் பத்திரமாகாது. வெட்டிய பற்றைக்கு நெருப்பு வைக்கவே வேண்டாம். புதைந்து கிடக்கும் வெடிபொருளுக்கு அந்தச் சூடு போதும்.

பற்றை வெட்டும்போது கத்தியைச் சரித்து ஒரு வீச்சு வீசினால், கணுக்கால் உயரத்தில் கூரான கட்டை நிற்கும். சருகு மூடிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. செருப்போடு கோயிலுக்கு வரும் அம்மாவின் பாதத்தை அது துளைக்கும். அலவாங்கால் வேரோடு கிளப்பி எடுக்கச் சொல்லுங்கள்.

வேலை காலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பதினொன்றுக்குள் முடியட்டும், ஆனை நடமாடும் பக்கமென்றால் நன்றாக வெளித்த பிறகு. எல்லாருக்கும் சப்பாத்து வேண்டும், சருகுக்குள் புடையன் பாம்பு கிடக்கும். கடித்தால் கட்டுப்போடுவதும் கீறுவதும் வேண்டாம். கடிபட்டவரை நடக்கவிடாமல் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்து அரச ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

சம்பளக் காசு முழுவதையும் பங்குனியில் முடித்துவிடாதீர்கள். புரட்டாதியில் இரண்டு பேருக்கு இரண்டு நாள் வேலை கொடுக்க ஒதுக்கி வையுங்கள். ஐப்பசி மழைக்கு முன் கானிலும் வாயிலும் அடைந்த சருகை அவர்கள் அள்ளிவிட வேண்டும்.