வீட்டுக் கம்ப்யூட்டருக்கு பாஸ்வேர்டு எதற்கு?

கேள்வி: ஹாலில் டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறோம். நான், மனைவி, லீவுக்கு வரும் பேரன் மூவரும்தான் அதைத் தொடுவோம். போன முறை மெல்பர்னிலிருந்து வந்த மகன் விண்டோஸ் 11 போட்டு, நீளமாக ஒரு பாஸ்வேர்டும் வைத்துவிட்டுப் போனான். அதை அடித்து மாளவில்லை. மனைவி ஒரு சீட்டில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டிவிட்டாள். பாஸ்வேர்டே கேட்காமல் செய்ய யூடியூபில் ஒருவர் வழி சொல்கிறார். எடுத்துவிடலாமா? எடுத்தால் ஹேக்கர்கள் புகுந்துவிடுவார்கள் என்கிறான் மகன்.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பதில்: முதலில் அந்தச் சீட்டைக் கிழித்துப் போடுங்கள் ஐயா, மற்றதை அப்புறம் பேசலாம். விண்டோஸ் 11 போடும்போது மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்டு நச்சரிக்கும். மகனும் அதைத்தான் கொடுத்திருப்பார். அப்படியென்றால் அதே பாஸ்வேர்டுதான் அந்தக் கணக்கின் மெயிலுக்கும், ஒன்டிரைவில், அதாவது மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பில் கிடக்கும் ஃபைல்களுக்கும். இதைத் திறக்க உங்கள் ஹாலுக்கு வர வேண்டியதில்லை. கேபிள் ரிப்பேருக்கு வந்தவர் மொபைலில் ஒரு படம் எடுத்துக்கொண்டு போனாலே போதும்.

ஹேக்கர் விஷயத்தில் மகன் கொஞ்சம் அதிகமாகவே பயமுறுத்துகிறார். விண்டோஸில் பாஸ்வேர்டு இல்லாத கணக்கை நெட்வொர்க் வழியாகத் திறக்க முடியாது. மெஷின் முன்னால் உட்காருகிறவர்தான் திறக்கலாம். பழைய விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்தே அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். 'கரண்ட் பில் பாக்கி' என்று மெயிலில் வரும் ஃபைலை நீங்களே திறந்து வைரஸை ஏற்றிக்கொண்டால், எத்தனை நீளப் பாஸ்வேர்டும் உதவாது.

ஆக, பாஸ்வேர்டு வேண்டுமா வேண்டாமா என்பது அந்த நாற்காலியில் யார் யார் உட்காருகிறார்கள் என்பதைப் பொறுத்தது. நீங்கள் மூன்று பேர் என்கிறீர்கள். பேரனோடு கேம் ஆட வரும் பக்கத்து வீட்டுப் பையன்கள்? மெஷினைக் கொடுத்தனுப்பும் சர்வீஸ் கடை? குரோமில் சேமித்த பாஸ்வேர்டுகளைப் பார்க்கப் போனால் அது விண்டோஸ் பாஸ்வேர்டைக் கேட்கும். விண்டோஸுக்கே பாஸ்வேர்டு இல்லையென்றால் கேள்வி கேட்காமல் காட்டிவிடும். மெயில், ரயில் டிக்கெட், நெட் பேங்கிங் எல்லாம் வரிசையாக இருக்கும். பேங்குக்கு ஓடிபி வருமே என்பீர்கள். அது வந்து விழும் ஃபோன் அதே மேஜையில்தானே சார்ஜில் கிடக்கிறது!

டெஸ்க்டாப்பில் சேமித்து வைத்த இ-ஆதார் பிடிஎஃப்புக்குப் பாஸ்வேர்டு இருக்கிறதே என்றும் நினைக்க வேண்டாம். பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்து, அதோடு பிறந்த வருடம், அவ்வளவுதான். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் செய்துகொண்டிருந்தால், சாப்பிட வந்த அத்தனை பேருக்கும் அது தெரியும்.

யூடியூப்காரர் சொல்வது அநேகமாக விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் 'நெட்பிள்விஸ்' (netplwiz) என்ற கருவியின் வழியாக இருக்கும். அதில் பாஸ்வேர்டு போய்விடாது. அதை மெஷினுக்குள்ளேயே வைத்துக்கொண்டு உங்களுக்குப் பதிலாக விண்டோஸே போட்டுக்கொள்ளும். விஷயம் தெரிந்தவர் அதை உள்ளிருந்து எடுத்துவிடலாம். மெயிலுக்கும் அதே பாஸ்வேர்டு என்பதால் உங்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

உங்களுக்கு ஏற்றது பின் நம்பர். செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ், அதில் சைன்-இன் ஆப்ஷன்ஸ் போனால் வைத்துக்கொள்ளலாம். நான்கு இலக்கம் போதும், பிறந்த வருடம் மட்டும் வேண்டாம். இத்தனை சின்ன நம்பர் எப்படிப் பாதுகாப்பு என்று தோன்றும். இந்தப் பின் நம்பர் அந்த ஒரு மெஷினில் மட்டும்தான் செல்லும். வேறு எங்கிருந்தும் அதை வைத்து உங்கள் மெயிலைத் திறக்க முடியாது. தொடர்ந்து தப்பாக அடித்தாலும் சும்மா விடாது. டீ குடித்துவிட்டு வருவதற்குள் மறுபடி கேட்கிறது என்று அலுத்துக்கொண்டால், அதே பக்கத்தில் எப்போது திரும்பக் கேட்க வேண்டும் என்ற இடத்தில் 'நெவர்' கொடுத்துவிடுங்கள். ஆன் செய்யும்போது ஒரு தடவை கேட்கும், சரி, அது போகட்டும்.

பேரனுக்குத் தனிக் கணக்கு போட்டுக் கொடுங்கள், அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை இல்லாமல். புது சாஃப்ட்வேர் பலவற்றைப் போட அவன் உங்களைத் தாத்தா என்று கூப்பிட்டாக வேண்டும். என்னைக் கேட்டால், பாஸ்வேர்டு உண்டா இல்லையா என்பதைவிட வீட்டில் அதிகம் பயன்படுவது இதுதான்.

லேப்டாப்பாக இருந்தால் இந்த வாதத்துக்கே இடமில்லை, கட்டாயம் வேண்டும். அதுகூட முழுக் காவல் ஆகாது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் ஃபைல்கள் அப்படியே தெரியும். தடுக்க டிஸ்க்கையே என்கிரிப்ட் செய்ய வேண்டும், அதாவது சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி பூட்ட வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு போடும் புதிய விண்டோஸ் 11 பல மெஷின்களில் நம்மைக் கேட்காமலே இதைச் செய்துவிடுகிறது, டெஸ்க்டாப்பிலும்தான். ரிப்பேருக்குப் போய்த் திரும்பிய மெஷின் சில சமயம் நீலத் திரை காட்டி 48 இலக்க ரிகவரி கீ (அந்தப் பூட்டின் சாவி எண்) கேட்பது இதனால்தான். அந்த எண் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கணக்கு யார் மெயில் ஐடியில் இருக்கிறது, உங்களுடையதா மகனுடையதா? அடுத்த வீடியோ காலில் கேளுங்கள். அவருடையது என்றால் அந்த 48 இலக்கத்தையும் வாங்கி, பிரின்ட் எடுத்து வீட்டுப் பத்திரத்தோடு பீரோவில் வையுங்கள்.