வினாகிரி ஊற்றவேண்டாம், முதலில் மீனை வெளியே எடுங்கள்

கேள்வி: ஆரையம்பதியில் எங்கள் வளவுக்குள் 8 அடி நீளம், 5 அடி அகலத்தில் சீமெந்துத் தொட்டி கட்டினோம். பூசிப் பத்தாம் நாள் கிணற்றுத் தண்ணீரை 2½ அடிக்கு நிரப்பி, 12 கோய், 20 தங்கமீன் குஞ்சுகள் விட்டோம். ஒரு கிழமைக்குள் 9 செத்துவிட்டன. மீதி, விடியப்புறம் மேலே வந்து வாய் பிளக்கின்றன. தண்ணீரும் பச்சையாகிவிட்டது. மீன்கடையில் சோதித்ததில் பி.எச். (தண்ணீரின் அமில-கார அளவு, 7க்கு மேலே காரம்) 9, அமோனியா 2 என்றார்கள். வினாகிரி ஊற்றினால் சரியாகும் என்கிறார்கள். ஊற்றலாமா?

பதில்: மீன் நிற்கும் தொட்டிக்குள் ஊற்றவே கூடாது. ஊற்றிய அன்று பி.எச். இறங்கும். புதுச் சீமெந்திலிருந்து சுண்ணாம்பு கசிந்துகொண்டே இருப்பதால் அடுத்த நாள் பழையபடி ஏறும். இந்த ஏற்ற இறக்கமே மீனை முடித்துவிடும். போதாததற்கு, வினாகிரியைத் தின்று பெருகும் பக்றீரியா தண்ணீரில் இருக்கிற ஒட்சிசனையும் எடுத்துக்கொள்ளும்.

இன்றைக்குச் செய்யவேண்டியது வேறு. 500 லீற்றர் பிளாஸ்ரிக் தாங்கி ஒன்றில் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி, காற்றுப் பம்பை ஆறு மணி நேரமாவது ஓடவிடுங்கள். கிணற்றிலிருந்து வந்தவுடன் தண்ணீரில் ஒட்சிசன் குறைவு, காபனீரொட்சைட்டு கூட. அந்த நேரத்தில் அளக்கும் பி.எச். உண்மையான அளவல்ல. காற்றடித்த பிறகு அளந்து பாருங்கள். அரைக் கிலோ கல்லுப்பைக் கரைத்து விடுங்கள். மீன்களைத் தொட்டித் தண்ணீரோடு வாளியில் எடுத்து, தாங்கித் தண்ணீரைச் சில நிமிடத்துக்கு ஒரு குவளையாக ஒரு மணி நேரம் சேர்த்து, அதன் பிறகு தாங்கிக்குள் விடுங்கள். மூன்று நாளைக்குத் தீனி வேண்டாம். அந்தத் தாங்கியில் கழிவைச் சிதைக்கும் பக்றீரியா இல்லை, அதனால் தினமும் பாதித் தண்ணீரை மாற்றவேண்டும். மாற்றும் தண்ணீரையும் முன்னதாகவே காற்றடித்து வைத்து, 250 லீற்றருக்கு 250 கிராம் உப்பு சேருங்கள். தாங்கி தயாராகும்வரை தொட்டியில் காற்பங்குத் தண்ணீரை மாற்றி, காற்றும் கொடுங்கள்.

ஏன் இவ்வளவு அவசரம்? மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியா தண்ணீரில் இரண்டு வடிவில் நிற்கும். ஒன்று மீனுக்குப் பெரிய கேடில்லாதது, மற்றது செவுளைக் கருக்குவது. எது எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது பி.எச்.தான், வெப்பமும் கொஞ்சம் சேரும். 28 பாகை வெப்பத்தில் லீற்றருக்கு 2 மில்லிகிராம் அமோனியா இருந்தால், பி.எச். 7.5இல் நச்சு வடிவம் 0.04 அளவில்தான் இருக்கும். அதே 2, பி.எச். 9இல் 0.8ஐத் தாண்டும். ஏறக்குறைய இருபது மடங்கு. உங்கள் மீன்களைக் கொல்வது அமோனியா மட்டுமல்ல, சுண்ணாம்பு மட்டுமல்ல, இரண்டும் சேர்ந்ததுதான்.

இன்னொன்றையும் பிரித்தறியவேண்டும். பச்சைத் தண்ணீரும் பி.எச்.ஐ ஏற்றும். பாசி பகலில் காபனீரொட்சைட்டை உறிஞ்சும், இரவில் திருப்பி வெளியேற்றி ஒட்சிசனை எடுக்கும். அதனால் காலை 6 மணிக்கும் பின்னேரம் 4 மணிக்கும் அளவுங்கள். காலையில் 7.5, பின்னேரம் 9 என்றால் பாசி. இரண்டு நேரமும் 9ஐ ஒட்டியே நின்றால் சீமெந்து. பூசிப் பத்தாம் நாளே நிரப்பியதால் சீமெந்து என்றே எடுத்துக்கொள்கிறேன். விடியப்புறம் வாய் பிளப்பதில் பாசிக்கும் பங்குண்டு. வெயில் நேராக விழும் இடமென்றால் பாதி மறைக்கும் பச்சை நெட் கட்டுங்கள்.

இனித் தொட்டி. தண்ணீரை இறைத்து, வினாகிரியும் தண்ணீரும் சம அளவில் கலந்து, தும்புத்தடியால் சுவரையும் தளத்தையும் தேய்த்து, கால்மணி நேரம் விட்டுக் கழுவுங்கள். வினாகிரிக்கு இதுதான் இடம். பிறகு நிரப்பி, ஒரு கிழமை வைத்து, முழுதாக இறைத்து விடுங்கள். இப்படி மூன்று முறை. வாழைத்தண்டு வெட்டிப் போடும் ஊர் வழக்கமும் உதவும், ஏனென்றால் அது அழுகும்போது அமிலமும் காபனீரொட்சைட்டும் வரும். ஆனால் மீன் விடமுன் தண்டை எடுத்துத் தொட்டியைக் கழுவியாகவேண்டும். கடைசி நிரப்பலின்போது அதே கிணற்றுத் தண்ணீரை ஒரு வாளியிலும் பிடித்து, இரண்டுக்கும் காற்றடித்து, மூன்று நாள் பி.எச். அளவுங்கள். தொட்டிக்கும் வாளிக்கும் வித்தியாசம் 0.3க்குள் வந்தால் சீமெந்து அடங்கிவிட்டது. வாளித் தண்ணீரின் அமோனியாவையும் பாருங்கள். மலசலகூடக் குழிக்குக் கிட்டிய கிணறு மணல் நிலத்தில் அதையும் சேர்த்தே கொடுக்கலாம். வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுக்குக் குளோரீன் தூள் போட்டிருந்தால், குளோரீன் வாடை முற்றாகப் போகும்வரை அதில் கைவைக்கவேண்டாம். குழாய்த் தண்ணீர் என்றால் திறந்த பாத்திரத்தில் இரண்டு நாள் காற்றடித்து விடுங்கள்.

தொட்டி 100 கன அடி, அதாவது 2,800 லீற்றர். மணிக்கு 2,000 லீற்றர் தள்ளும் பம்பும், வடியாக (filter), 100 லீற்றர் பரல் ஒன்றில் நெருக்கி அடைத்த பிளாஸ்ரிக் வலைத் துண்டுகளும் போதும். நல்ல நிலையில் உள்ள பழைய தொட்டியின் வடியிலிருந்து ஒரு கைப்பிடி வலை கிடைத்தால் வாங்கிப் போடுங்கள், கடையில் விற்கும் பக்றீரியாப் போத்தலை விட அது நம்பகமானது. முதலில் ஐந்து தங்கமீன் மட்டும் விடுங்கள். அமோனியா ஏறும், பிறகு அது இறங்க நைத்திரைற்று (பக்றீரியா அமோனியாவைச் சிதைக்கும்போது உண்டாகும் இன்னொரு நஞ்சு) ஏறும், அதுவும் இறங்கும். எங்கள் வெப்பத்தில் மூன்று முதல் ஐந்து கிழமை. இரண்டும் பூச்சியமாகி ஒரு கிழமை நின்றால்தான் அடுத்த ஐந்து. நைத்திரைற்று லீற்றருக்கு 0.5 மில்லிகிராமைத் தாண்டினால் மூன்றிலொரு பங்கு தண்ணீரை மாற்றி, 1,000 லீற்றருக்கு ஒரு கிலோ உப்பு போடுங்கள். உப்பிலுள்ள குளோரைட்டு, செவுள் வழியாக நைத்திரைற்று இரத்தத்தில் ஏறுவதைத் தடுக்கும். முன்பே போட்டிருந்தால் மாற்றிய தண்ணீருக்கு மட்டும் போடவேண்டும், தண்ணீர் வற்றினாலும் உப்பு வற்றாது.

வடியைக் கழுவும்போது தொட்டித் தண்ணீரையே வாளியில் எடுத்து அலசுங்கள். கரண்ட் பல மணி நேரம் போய்த் திரும்பி வந்தால், பரலில் தேங்கிய தண்ணீரை முதலில் வெளியே விடுங்கள். அது நாறிப்போயிருக்கும்.

12 கோயையும் இந்தத் தொட்டி தாங்காது. வளர்ந்தால் இரண்டு, மிஞ்சினால் மூன்று. மற்றவற்றுக்கு இப்போதே இடம் பாருங்கள்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் வற்றியதை நிரப்புவது மட்டும் போதாது, கிழமைக்கு ஐந்திலொரு பங்கை இறைத்துத்தான் நிரப்பவேண்டும். மாரியில் நிலைமை தலைகீழ். மழைத் தண்ணீரில் காரத்தன்மை (பி.எச். இறங்காமல் தாங்கிப் பிடிப்பது) இல்லை, வடியின் பக்றீரியாவும் இருப்பதைத் தின்னும். பி.எச். 6.5க்குக் கீழே போனால் அவை மந்தமாகி அமோனியா திரும்பவும் சேரும். மேல்மட்டத்தில் வழிந்தோடும் குழாய் ஒன்று வைத்து, கழுவிய சிப்பி ஓட்டை வலைப்பையில் கட்டி வடிக்குள் போடுங்கள். முருகைக்கல் எடுப்பது சட்டப்படி குற்றம், அது தேவையுமில்லை. காரத்தன்மை லீற்றருக்கு 80 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் அப்பச்சோடா: 1,000 லீற்றருக்கு 17 கிராம், 10 புள்ளி ஏற்றும். 40இலிருந்து 80க்குக் கொண்டுவர உங்கள் தொட்டிக்கு 190 கிராம் வேண்டும், இரண்டு நாளாகப் பிரித்துக் கரைத்து விடுங்கள். சோடா போடமுன் அமோனியாவை அளந்து, இருந்தால் தண்ணீரை மாற்றி அதைக் குறையுங்கள், ஏனென்றால் பி.எச். ஏறும்போது அடங்கிக் கிடந்த அமோனியா மறுபடி நஞ்சாகும்.