சித்தப்பாவின் பாஸ்வேர்டு

கேள்வி: எனக்கு வயது 29. டோம்பிவ்லியில் வீடு. பிவண்டி பக்கம் மான்கோலியில் ஒரு குடோனில் ஆறு வருடமாக டிஸ்பாட்ச் எக்ஸிக்யூட்டிவாக இருக்கிறேன். எனக்குப் பின்னால் வந்த இரண்டு பேர் எம்.பி.ஏ. படித்தவர்கள் என்பதால் அசிஸ்டென்ட் மேனேஜர் ஆகிவிட்டார்கள். வேலையை விட்டுவிட்டு ஒரு வருட சப்ளை செயின் படிப்பில் சேரலாமா? 7 லட்சம் ஆகும். நகையை அடகு வைத்துத் தருவதாக அம்மா சொல்கிறார். எங்கள் மேனேஜர் அப்பாவின் சிநேகிதர், வேலை வாங்கிக் கொடுத்தவர். சித்தப்பா என்றுதான் கூப்பிடுவேன். என் மேல் அவருக்கு முழு நம்பிக்கை, அவர் பாஸ்வேர்டு கூட என்னிடம்தான் இருக்கிறது. சரக்கு வண்டிக்கு ஆன்லைனில் எடுக்கிற ஈ-வே பில், கணக்கையும் கையிருப்பையும் ஒத்துப்போக வைக்கிற மாதக் கடைசி ஸ்டாக் அட்ஜஸ்ட்மென்ட் எல்லாம் நானே போட்டுவிடுவேன். அப்படியும் பதவி உயர்வு இல்லை. படிப்புதான் குறையா?
- பெயர் வேண்டாம், டோம்பிவ்லி

பதில்: தம்பி, உங்கள் கடிதம் மூன்று பக்கம். இடம் போதாது என்று சுருக்கிப் போட்டிருக்கிறோம். அந்த மூன்று பக்கத்தில் இரண்டரைப் பக்கம் படிப்பைப் பற்றி. பாஸ்வேர்டைப் பற்றி ஒரே ஒரு வரி, அதுவும் பெருமையாக.

முழு நம்பிக்கையா? நம்பிக்கை இருந்தால் உங்கள் பெயரில் ஒரு ஐடி வாங்கித் தந்திருப்பார். கம்ப்யூட்டர் பிரிவுக்கு ஒரு மெயில் போட்டால் முடிகிற காரியம். ஆறு வருடத்தில் அதற்கு அவருக்கு நேரம் கிடைக்கவில்லை, உங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இந்தூர் லோடு கசாரா மலைப்பாதையில் நின்றுபோன ராத்திரியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். 2 மணிக்கு எழுந்து வேறு லாரி பிடித்து, சரக்கை மாற்றி ஏற்ற ஆள் ஏற்பாடு செய்து, வீட்டில் இருந்தபடியே ஈ-வே பில்லின் பி பகுதியில் புது வண்டி நம்பரைப் போட்டு, விடிவதற்குள் நாசிக்கைத் தாண்ட வைத்திருக்கிறீர்கள். அருமையான வேலை. பழைய நம்பரோடு அந்த வண்டி கிளம்பியிருந்தால் வழியில் மடக்கி சரக்கோடு நிறுத்தியிருப்பார்கள், வரியைப் போல் இரண்டு மடங்கு அபராதம் கேட்டிருப்பார்கள். எம்.பி.ஏ. படித்த அந்த இரண்டு பேரும் அன்றைக்குப் போர்வைக்குள் இருந்திருப்பார்கள் என்று நீங்கள் எழுதியது நியாயமான எரிச்சல்தான். ஆனால் கம்பெனியின் கணக்கில் அன்று ராத்திரி 2 மணிக்குக் கண் விழித்தவர் யார்? சித்தப்பா. எந்த லாகினில் போட்டீர்களோ அவர்தான்.

ஆறு வருட அனுபவம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்து அது அவருக்கு இருக்கிறது. லோடு ஏற்றுகிற இடத்தில் ஒரு பையன் நிற்பான், மூட்டை தூக்கும் ஹமால்களோடு சத்தம் போடுவான் என்பதுதான் மேலே இருப்பவர்களுக்கு உங்களைப் பற்றித் தெரிந்தது. அவனை எதற்கு அசிஸ்டென்ட் மேனேஜர் ஆக்க வேண்டும்?

சித்தப்பாவைக் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவர் தலைமுறை ஆட்களை எனக்கு நன்றாகத் தெரியும். நானும் பல வருடம் ஒரு மருந்து ஏஜென்சியில் சரக்கு அனுப்பிக்கொண்டிருந்தவன்தான். பிவண்டியில் இத்தனை குடோன்கள் முளைத்ததற்கு ஒரு பெரிய காரணமே ஆக்ட்ராய். மும்பை எல்லைக்குள் சரக்கு நுழைந்தால் வரி, அதனால் எல்லைக்கு வெளியே இறக்கி வைத்து வேண்டியபோது உள்ளே அனுப்புவார்கள். அந்த வரியை வசூலித்த முலுண்ட் நாக்காவில், அதாவது சோதனைச் சாவடியில், யார் டூட்டியில் இருக்கிறார், எந்த லாரிக்காரன் சொன்ன நேரத்துக்கு வருவான் என்று தெரிந்தவன்தான் அன்றைக்கு மேனேஜர். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து ஆக்ட்ராய் போனது. அடுத்த ஏப்ரலில் வெளிமாநில லோடுகளுக்கு ஈ-வே பில் வந்தது. நாக்காவில் இருந்த வித்தை முழுக்கக் கம்ப்யூட்டர் திரைக்கு வந்துவிட்டது. ஐம்பதைத் தாண்டிய மனிதர் கற்றுக்கொள்ளத் தயங்கியிருப்பார். அந்த நேரம் பார்த்து நீங்கள் வேலைக்குச் சேர்ந்தீர்கள்.

நீங்கள் மேலே போய்விட்டால் அவர் திரைக்கு முன்னால் யார் உட்காருவார்கள் என்று யோசித்தீர்களா? பதவி உயர்வுப் பட்டியலில் யார் பெயரை எழுதுவது என்று கேட்டால் முதலில் அவரைத்தான் கேட்பார்கள், தம்பி.

சரி, இதுகூடப் பரவாயில்லை. ஸ்டாக் அட்ஜஸ்ட்மென்ட்தான் எனக்குப் பிடிக்கவில்லை. “போன மாதம் கணக்கில் 430 பெட்டி, எண்ணினால் 412. டேமேஜ் என்று போட்டுச் சரி செய்தேன்” என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். 18 பெட்டி எங்கே போனது? அதை ஏன் எழுதவில்லை? நசுங்கிய பெட்டியைக் கண்ணால் பார்த்தீர்களா, போட்டோ இருக்கிறதா? தொலைந்ததோ திருடுபோனதோ உடைந்ததோ, அந்தச் சரக்குக்கு எடுத்த இன்புட் கிரெடிட்டை, அதாவது வாங்கும்போது கட்டிய ஜி.எஸ்.டி.க்காகக் கழித்துக்கொண்ட தொகையை, கம்பெனி திருப்பிக் கட்ட வேண்டும். நீங்கள் தட்டிய ஒரு நம்பர் வரிக் கணக்கு வரை போகிறது. நாளைக்கு ஆடிட்டர் கேட்டு, சித்தப்பா “எனக்குத் தெரியாதே, பையன் போட்டிருப்பான்” என்று சொன்னால்? அடுத்தவர் பாஸ்வேர்டை நேர்மையில்லாமல் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவில் மூன்று வருடம் வரை சிறை உண்டு. உங்கள் எண்ணம் நேர்மையானது என்று எனக்குத் தெரியும். அதை நிரூபிக்கக் கையில் என்ன வைத்திருக்கிறீர்கள்?

எங்கள் ஏஜென்சியில் ஒரு பையன் இப்படித்தான் ‘அண்ணனுக்காக’ ரசீதுகளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். ஆடிட்டர் வந்த அன்று அண்ணன் லீவு.

“அவர் மனசு நோகக் கூடாது, அவன் இல்லேன்னா நீ ஏது என்று அப்பா சொல்கிறார்” என்று எழுதியிருக்கிறீர்கள். தாராவியில் ஒரே அறையில் ஏழு பேராகப் படுத்து எழுந்தவர்கள் அவர்கள், அப்பா அப்படித்தான் பேசுவார். நானும் நன்றிக்கடனைப் பெரிதாக நினைக்கிறவன். செய்நன்றி மறந்தவனை வீட்டு வாசலில் சேர்க்க மாட்டேன். சித்தப்பா மகள் கல்யாணத்தில் பந்தியில் நின்று பரிமாறுங்கள். அவருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் ஆஸ்பத்திரி பெஞ்சில் ராத்திரி முழுக்க உட்காருங்கள். மொய்யில் கட்டுங்கள் அந்தக் கடனை. லாகினில் கட்டுகிற கடன் எங்கள் ஊர்ப் பக்கம் கிடையாது. செஞ்சோற்றுக்கடன் என்று சொல்லக் கர்ணனுக்காவது அங்க தேசம் கிடைத்தது. உங்களுக்கு ஆறு வருடமாக டிஸ்பாட்ச் எக்ஸிக்யூட்டிவ்.

அம்மாவின் நகை பேச்சை இன்றோடு விடுங்கள். 29 வயதில், கை நிறைய வேலை தெரிந்த ஆள், வேலையை விட்டுவிட்டு அம்மா கழுத்தில் கை வைப்பதா? படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. நவி மும்பை பேலாப்பூரில் தலைமையகம் வைத்திருக்கும் இந்தியன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெட்டீரியல்ஸ் மேனேஜ்மென்ட்டில் வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலையில் டிப்ளமோ படிக்கலாம், போய் விசாரியுங்கள். பெரிய இடம்தான் வேண்டும் என்றால் போவாயில் ஐ.ஐ.எம். மும்பை இருக்கிறது, நிட்டி என்று இருந்ததுதான் 2023-இல் பெயர் மாறியது. அதற்கு நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், அதை எழுத நகை தேவையில்லை. ஆனால் எங்கே போனாலும் “நீங்கள் என்ன செய்தீர்கள்” என்று கேட்பார்கள். அதற்கு முதலில் உங்கள் பெயரில் ஒரு வேலை இருக்க வேண்டும்.

மாதக் கடைசி எண்ணிக்கை 31-ஆம் தேதி என்று சொல்லியிருக்கிறீர்கள். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு கல்யாணில் சித்தப்பா வீட்டுக்குப் போங்கள். குடோனில் வைத்துப் பேச வேண்டாம், அங்கே அவர் சார். “சித்தப்பா, என் பேர்ல ஐடி வேணும், திங்கக்கிழமை மெயில் போட்டு உங்களுக்கும் காப்பி வைக்கிறேன்” என்று மட்டும் சொல்லுங்கள். ஈ-வே பில் தளத்திலேயே சப்-யூசர் உருவாக்க வசதி இருக்கிறது, கம்பெனிக்கு ஒரு பைசா செலவில்லை. 18 பெட்டியைப் பற்றியும் அங்கேயே, அப்பா காதில் விழுகிற மாதிரி கேளுங்கள். 31-ஆம் தேதி நீங்கள் எண்ணியதை எண்ணியபடி தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அட்ஜஸ்ட்மென்டை அவரே போடட்டும். கண்ணாடி எங்கே என்று தேடுவார். எடுத்துக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.