லெனேசியா குளிரும் தின்னாத பல்லிகளும்

கேள்வி: ஐயா, சிறுத்தைப் பல்லிகள் மூன்று வளர்க்கிறேன். டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த்தில் இருந்தவரை நான்கு குளிர்காலம் ஒரு குறையும் இல்லை. இந்தப் பிப்ரவரியில் வேலை மாற்றலாகி ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியா வந்தோம். இங்கே குளிர்காலமான ஜூன் நடுவிலிருந்து பெரியவை இரண்டும் தீனியைத் தொடவில்லை; ஐந்து வாரம் ஆகிவிட்டது. எட்டு மாதக் குட்டி பன்னிரண்டு நாளுக்கு முன் மாவுப்புழு தின்று, மறுநாள் அதை அப்படியே கக்கியது. அதன்பின் எதுவும் தின்னவில்லை. கடைக்காரர் "இது உறங்கும் காலம், விடுங்கள்" என்றார். கூடவே பசி தூண்டும் சொட்டு மருந்தும், மெழுகுப்புழு டப்பாவும், இரவுக்கு ஒரு சிவப்பு பல்பும் கொடுத்தார். தொட்டிக்கு அடியில் ஹீட் மேட் (சூடேற்றும் விரிப்பு) இருக்கிறது. வாயைத் திறந்து ஊசிக்குழலால் மருந்தை ஊற்றலாமா?

பதில்: ஊற்றாதீர்கள் தம்பி. அந்தப் புட்டியை அலமாரியில் வையுங்கள். குப்பைத் தொட்டியானால் இன்னும் நல்லது. உறங்கும் காலம் என்றால் பசி மருந்து எதற்கு? பசி மருந்து வேண்டுமென்றால் அது எப்படி உறக்கம்? ஒரே வாயால் இரண்டையும் சொல்லி இரண்டுக்கும் காசு வாங்குபவரிடம் நான் ஒரு கிலோ தவிடுகூட வாங்க மாட்டேன்.

மாடும் கோழியும் கேட்டு வரும் இந்தப் பகுதிக்குப் பல்லி வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். "காசு கொடுத்துப் பல்லியா?" என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கேட்டிருப்பார்கள். கேட்கட்டும். உங்கள் கடிதத்தில் தொட்டிச் சூட்டுக்கு ஒரு டிகிரி இல்லை, பல்லி எடைக்கு ஒரு கிராம் இல்லை என்பதுதான் என் குறை.

டர்பன் பக்கம் ஜூலை இரவு பெரும்பாலும் பத்து டிகிரிக்குக் கீழே இறங்காது. லெனேசியாவில் நான்கு டிகிரி சாதாரணம். விடியற்காலையில் புல்லில் உறைபனி கிடக்கும். நம் வீடுகளில் சுவருக்குள் வெப்பக் குழாயும் கிடையாது. டைல்ஸ் தரை ஐஸ்கட்டி மாதிரி இருக்கும். சாட்ஸ்வொர்த்தில் போதுமாக இருந்த அதே ஹீட் மேட், இங்கே பாதி வேலைதான் செய்கிறது. பல்லி மாறவில்லை, ஊர் மாறிவிட்டது.

இவை ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா பக்கத்து வறண்ட பாறை நிலத்துப் பிராணிகள். அங்கே குளிரில் பொந்துக்குள் போய், வாலில் சேர்த்த கொழுப்பைக் கரைத்தே நாளைத் தள்ளும். ஆகவே கொழுத்த வாலோடு இருக்கும் பெரிய பல்லி ஐந்து வாரம் பட்டினி கிடப்பது எனக்குப் பெரிய பயம் இல்லை. ஆனால் உறங்க வைப்பதென்றால் முதலில் இரண்டு வாரம் தீனியை நிறுத்திக் குடலைக் காலியாக்கி, அதன் பிறகே வெப்பத்தைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். இருபது, இருபத்திரண்டு டிகிரியில் நிறுத்தி வைப்பதுதான் கெடுதல். உறங்க அது போதிய குளிர் இல்லை, செரிக்கப் போதிய சூடு இல்லை. அந்த நிலையில் விழுங்கிய புழு வயிற்றுக்குள்ளேயே அழுகும். உங்கள் குட்டி கக்கியதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். ஒரு வயது ஆகாத குட்டியை உறங்க வைக்கும் பேச்சே கூடாது.

தொட்டியைத் தரையிலிருந்து மர மேசைக்கு ஏற்றுங்கள். பின்புறமும் பக்கங்களும் தெர்மோகோல் அட்டை ஒட்டுங்கள். ஹீட் மேட்டுக்குத் தெர்மோஸ்டாட் (சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி) வாங்குங்கள். அதன் உணரி, பல்லி வயிறு படுகிற இடத்தில், பதுங்குமிடத்துத் தரையில் இருக்கட்டும். அங்கே 31, 32 டிகிரி. மறு கோடியில் 24. சிவப்பு பல்பைக் கழற்றிவிடுங்கள். சிவப்பு வெளிச்சம் பல்லிக்குத் தெரியாது என்பது பல்பு விற்பவர்கள் சொல்லும் கதை. மின்வெட்டு நேரத்தில் வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றித் தொட்டிக்கு வெளியே சாய்த்து வைத்தால் போதும். சூடு சரியாகி மூன்று நான்கு நாள் ஆகும்வரை எந்தத் தீனியும் வேண்டாம். தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்கட்டும்.

கிராம் கணக்குக்கு வீட்டுச் சமையல் தராசு போதும். வாரம் ஒரு நாள், ஒரே வேளையில் நிறுத்து நோட்டில் எழுதுங்கள். பெரியவற்றில் எது பத்தில் ஒரு பங்கு எடை இழந்தாலும் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும்.

இனி நீங்கள் கேட்காத கேள்வி. உங்கள் புழு என்ன தின்றது?

கடையில் மாவுப்புழு குளிர்பெட்டியில் கிடக்கும். குளிரில் அது வளராது, கூட்டுப்புழு ஆகாது; விற்பவருக்கு லாபம். ஆனால் வாரக்கணக்கில் எதுவும் தின்னாமல் கிடந்த புழு வெறும் தோல். அதற்குள் ஒன்றும் இல்லாதபோது பல்லிக்குள் என்ன போகும்? பால் மாட்டுக்கு வைக்கோல் மட்டும் போட்டுவிட்டுப் பால் இல்லை என்று அழுகிற கதைதான்.

நான் சொல்வது வீட்டிலேயே வளர்க்க. வழவழப்பான பிளாஸ்டிக் பெட்டி, ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்குக் கோதுமைத் தவிடு, ஈரத்துக்கு இரண்டு கேரட் துண்டு. தவிட்டை முதலில் இரண்டு மூன்று நாள் உறைபெட்டியில் வைத்து எடுத்தால் தவிட்டு வண்டும் சிற்றுண்ணியும் வராது. வண்டாக மாறியவற்றை வேறு பெட்டிக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் முட்டைகளைத் தாங்களே தின்றுவிடும். சமையலறையில் கதகதப்பான மூலை போதும். தவிடு வாங்குமிடம் முக்கியம்: ஒரு முறை, தெரியாத கடையில் மலிவாகக் கிடைத்த தவிட்டைப் போட்டு மூன்று பெட்டிப் புழுவையும் ஒரே இரவில் இழந்தேன். பூச்சிமருந்து தெளித்த தானியத்துத் தவிடு என்று பிறகுதான் தெரிந்தது. தோட்டத்தில் பிடித்த பூச்சியைப் போடாதீர்கள் என்று நான் கத்துவதும் இதற்காகத்தான்.

கடைப் புழுதான் கிடைக்கிறது என்றால், கொடுப்பதற்கு இரண்டு நாள் முன் வெளியே எடுத்துத் தவிடும் கேரட்டும் பூசணித் துண்டும் போட்டு வயிற்றை நிரப்புங்கள். கொடுக்கும்போது, பாஸ்பரஸ் சேராத கால்சியம் தூளில் புரட்டுங்கள். மாவுப்புழுவில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. தின்னாமல் விட்டதைத் தொட்டிக்குள் விட்டுவைக்காதீர்கள். தீனியாகப் போட்டது பாச்சையானால் (சிள்வண்டு), உறங்கும் பல்லியைக் கடிக்கவும் செய்யும்.

மெழுகுப்புழு கொழுப்புப் பொட்டலம். ஜிலேபி கண்ட பிள்ளை ஆடிக்கூழைத் தொடாது. அந்த ருசி பழகிய பல்லி மாவுப்புழுவைத் திரும்பியும் பார்க்காது. அப்போது கடைக்காரர் சொன்ன "பசியின்மை" நிஜமாகிவிடும்.

குட்டிக்கு மட்டும் காத்திருக்காதீர்கள். எச்சம் கிடைத்தால் சுத்தமான டப்பாவில் எடுத்துக்கொண்டு, ஊர்வன பார்க்கத் தெரிந்த மருத்துவரிடம் இந்த வாரமே போங்கள். சூட்டைச் சரிசெய்த பிறகும் கக்கினால், அல்லது வால் ஈர்க்குச்சி போல மெலிந்தால், குடல் ஒட்டுண்ணியாக இருக்கலாம். அவற்றில் கிரிப்டோஸ்போரிடியம் என்ற நுண்ணுயிர் மற்ற இரண்டு பல்லிகளுக்கும் பரவும். அதுவரை குட்டிக்குத் தனித் தொட்டி, தனி இடுக்கி, தனித் தண்ணீர்க் கிண்ணம். பெரியவற்றைக் கவனித்த பிறகே குட்டியைத் தொடுங்கள். அடுத்த கடிதத்தில் மூன்றின் எடையையும் எழுதுங்கள்.